குளிர் காப்பாற்றிய விதைகள்... பசி கொன்ற மனிதர்! - நிகோலாய் வாவிலோவின் கதை

போன வருஷம் மிச்சமான தக்காளி விதைப் பாக்கெட்டை அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். இந்த ஆடியில் ஞாபகம் வந்து எடுத்து விதைத்தால், இருபது குழியில் முளைத்தது ரெண்டே ரெண்டு. அதே பாக்கெட்டில் பாதியை வாங்கிப்போன தோழி, மூடிபோட்ட டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். அவள் வீட்டு மாடியில் இப்போது தக்காளிக் காடு.

விஷயம் சிம்பிள். விதை செத்த பொருள் இல்லை. உள்ளே ஒரு குட்டிச் செடி மூச்சை அடக்கிக்கொண்டு தூங்குகிறது. சூடும் ஈரமும் பட்டால் அந்தத் தூக்கம் கெடும். கையிருப்புச் சாப்பாட்டை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டு, மண்ணைப் பார்ப்பதற்கு முன்பே செத்துப்போகும். குளிரும் வறட்சியும் கிடைத்தால் வருஷக்கணக்கில் தூங்கும்.

இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் வாவிலோவிடம் போய் மாட்டினேன். ரெண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. தன் காலத்தில் உலகத்திலேயே பெரிய விதைச் சேமிப்பை உருவாக்கிய மனுஷன் அவர். இறந்தது சிறையில், பட்டினியில். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திய சண்டை ஆரம்பித்ததும் ஒரு விதை விஷயத்தில்தான். கோதுமை விதையைக் குளிரில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அது.

பஞ்சம் பார்த்த நாடு

நிகோலாய் வாவிலோவ் 1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து நகரத்துக்கு வந்து, ஜவுளி வியாபாரத்தில் முன்னேறியவர். பையன் பிறந்த நான்கைந்து வருஷத்திலேயே ரஷ்யாவை ஒரு பெரும் பஞ்சம் உலுக்கியது. வீட்டில் பணம் இருந்தது. ஆனால், பசி என்பது அந்த நாட்டில் யாருக்கும் தூரத்து விஷயம் கிடையாது.

அப்பாவுக்கு மகன் வியாபாரத்துக்கு வர வேண்டும் என்று ஆசை. மகன் போய்ச் சேர்ந்தது விவசாயக் கல்லூரியில். முதல் ஆராய்ச்சி, பயிரைத் தின்னும் நத்தை வகைகளைப் பற்றி. தம்பி செர்கேயை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இயற்பியல் பக்கம் போனார், பின்னால் வருவார்.

1913-ல் வாவிலோவ் இங்கிலாந்து போனார். அங்கே அவருக்குக் குருவாக அமைந்தவர், ஜெனிட்டிக்ஸ் என்ற பெயரையே உலகத்துக்குக் கொடுத்த வில்லியம் பேட்சன். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் குணம் எப்படிப் போகிறது என்ற மெண்டலின் கணக்கை அங்கேதான் வாவிலோவ் முழுசாகப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை அவர் விடாமல் பிடித்திருந்ததும் அதைத்தான்.

1916-ல் ஒரு விசித்திரமான வேலை வந்தது. பாரசீகத்தில் இருந்த ரஷ்யச் சிப்பாய்கள் ரொட்டி சாப்பிட்டதும் தலைசுற்றி விழுகிறார்கள். போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். போனார். கோதுமை வயலில் கலந்து வளரும் ஒரு விஷக் களையின் விதை மாவில் சேர்ந்திருந்தது. வேலை முடிந்தது, ஊருக்குத் திரும்பலாம். மனுஷன் அப்படியே பாமீர் மலைக்கு ஏறிவிட்டார். கையில் ஜெர்மன் புத்தகங்கள் வைத்திருந்ததால் நடுவில் உளவாளி என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. உலகப்போர் நேரம் அல்லவா!

பாமீரில் அவர் தேடிப்போனது குளிரைத் தாங்கும் தானியங்களை. ரஷ்யாவின் பிரச்னையே அதுதான். கோடை குறுகியது, குளிர்காலம் நீளமானது. மலை உச்சியில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த வகைகளுக்குச் சீக்கிரம் விளைவதும், உறைபனிக்கு அசையாமல் நிற்பதும் பழகியிருந்தது. அந்தக் குணங்களை எடுத்து ரஷ்ய வயலுக்குக் கொண்டுவர முடிந்தால்?

குதிரையில் ஒரு விதைக்காரர்

ஒரு பயிர் எங்கே பிறந்ததோ, அங்கேதான் அதன் வகைகள் அதிகம் இருக்கும் என்பது வாவிலோவின் அடிப்படை யோசனை. நோய் தாங்குவது, வறட்சி தாங்குவது, பனி தாங்குவது என எல்லாமே அந்தத் தாய்வீட்டில் ஏதோ ஒரு வயலில் ஒளிந்திருக்கும். 1926-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் விவசாயப் பாடத்தில் உண்டு. அவர் காட்டிய மையங்களில் இந்தியாவும் ஒன்று. நம்ம நெல், கத்திரி, மா எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

யோசனையோடு நிறுத்தவில்லை. 1924-ல் ஆப்கானிஸ்தானைக் குதிரைக் கூட்டத்தோடு கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் சுற்றினார். பிறகு மத்திய தரைக்கடல் நாடுகள், எத்தியோப்பியா, ஜப்பான், மெக்ஸிகோ, தென் அமெரிக்கா. போன இடத்தில் எல்லாம் சந்தைக்குள் நுழைந்து, கையளவு தானியம் வாங்கி, பொட்டலம் கட்டி, ஊர் பேர் எழுதி லெனின்கிராடுக்கு அனுப்புவார். அவருடைய சகாக்கள் ஆண்டிஸ் மலையிலிருந்து உறைபனி தாங்கும் உருளைக்கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளேயே ஒரு பண்ணை வைத்துப் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

1929-ல் அவர் போன இடம் அல்மா-ஆத்தா, இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி. ஊரைச் சுற்றி மலைச்சரிவெல்லாம் காட்டு ஆப்பிள் மரங்கள். நாம் சாப்பிடும் ஆப்பிளின் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அங்கேதான் கைகாட்டின.

ஆப்பிள் என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பழத்திலிருந்து விதையை எடுத்து உடனே மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. ஈரத்தோடு ரெண்டு மூணு மாசம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். ஏன் இந்த அடம்? இலையுதிர்காலத்தில் பழம் விழுகிறது. விதை அவசரப்பட்டு உடனே முளைத்தால், அடுத்து வரும் பனியில் தளிர் கருகிவிடும். அதனால் உள்ளே ஒரு பூட்டு. போதுமான அளவு குளிரைப் பார்த்த பிறகே, அதாவது குளிர்காலம் தாண்டியாச்சு என்று தெரிந்த பிறகே, அது திறக்கும். தக்காளி விதைக்குக் குளிர் தாலாட்டு என்றால், ஆப்பிள் விதைக்கு அதே குளிர் அலாரம்!

1940 வாக்கில் வாவிலோவின் நிறுவனத்தில் சுமார் இரண்டரை லட்சம் மாதிரிகள் சேர்ந்திருந்தன. இடம், லெனின்கிராடில் செயின்ட் ஐசக் சதுக்கம். இன்றைய மாதிரி ராட்சத ஃப்ரீஸர்கள் அப்போது இல்லை. தகர டப்பா, மர அலமாரி, அறையில் என்ன வெப்பமோ அதுதான். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் எடுத்து விதைத்து, புது விதை அறுத்து, மறுபடி டப்பாவை நிரப்ப வேண்டும். இரண்டரை லட்சம் பொட்டலத்துக்கும் இப்படி! மியூசியம் மாதிரி பூட்டிவிட்டுப் போக முடியாது. மாட்டுப்பண்ணை மாதிரி தினம் ஆள் வேண்டும்.

பாதி உண்மையோடு வந்தவர்

இப்போது த்ரோஃபிம் லைசென்கோ வருகிறார். உக்ரைன் விவசாயி மகன், வாவிலோவைவிடப் பதினோரு வயது சின்னவர்.

குளிர்காலக் கோதுமை என்று ஒரு வகை உண்டு. இலையுதிர்காலத்தில் விதைத்தால் பனிக்கு அடியில் குட்டிச் செடியாகக் கிடந்து, வசந்தத்தில் எழுந்து கதிர் விடும். அதையே வசந்தத்தில் விதைத்தால் புல் மாதிரி பச்சையாக வளருமே தவிர கதிர் வராது. சில வாரங்கள் குளிரைப் பார்த்தால்தான் பூக்கும் என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. நல்ல மகசூல் தரும் வகைதான். ஆனால், 1920-களின் கடைசியில் உக்ரைனில் குளிர் கொடூரமாக அடித்து, வயலில் நின்ற குளிர்காலக் கோதுமை பெருமளவில் அழிந்துபோனது.

லைசென்கோ ஒரு வழி சொன்னார். விதையை லேசாக நனைத்து, முளை எட்டிப்பார்க்கும் நிலையில், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சில வாரம் வைக்கலாம். பிறகு வசந்தத்தில் விதைக்கலாம். செடி தன் குளிர்காலத்தைக் கொட்டகையிலேயே முடித்துவிட்டதால் கதிர் வரும், பனியிலும் சாகாது. இது பொய் இல்லை. ஜெர்மானியரான காஸ்னர் 1918-லேயே இதைச் சோதித்து எழுதியிருந்தார். அதற்கும் முன்பு அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்றும் தாவரவியலில் இதற்குத் தனி இடம் உண்டு.

வாவிலோவ் ஆரம்பத்தில் லைசென்கோவைத் தூக்கிவிட்டார் என்பதுதான் இந்தக் கதையில் வயிற்றைப் பிசையும் இடம். அவருக்கு அதில் வேறொரு பயன் தெரிந்தது. உலகம் பூராவும் சேர்த்த வகைகள் லெனின்கிராடில் வெவ்வேறு நேரத்தில் பூக்கின்றன. சில பூப்பதே இல்லை. குளிர் காட்டி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பூக்க வைத்தால் ஒன்றோடொன்று கலப்பினம் செய்யலாமே! மேடைகளில் பாராட்டினார், கட்டுரைகளில் எழுதினார். இளைஞன், உழைப்பாளி, வளரட்டும் என்று நினைத்திருப்பார்போல.

லைசென்கோவோ அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு மீதியைக் கட்ட ஆரம்பித்தார். குளிர் காட்டினால் எல்லாப் பயிரும் எங்கேயும் அதிகம் விளையும் என்றார். குளிர்காலக் கோதுமையைப் பழக்கி வசந்தக் கோதுமையாகவே மாற்றலாம், அந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும் என்றார். அது நடக்காது. இந்தத் தலைமுறை பார்த்த குளிர் அடுத்த தலைமுறைக்குக் கணக்கில் வராது. அதன் விதை மறுபடி முதலிலிருந்து குளிரைப் பார்த்தாக வேண்டும். கூட்டுப்பண்ணைகளில் தெர்மாமீட்டர்கூடச் சரியாக இல்லாமல் விதையை நனைத்துக் குவித்தார்கள். சூடு ஏறிய குவியல் அழுகியது. ஊறிய விதை விதைப்புக் கருவியில் சிக்கியது. வெற்றிக் கணக்கெல்லாம் பண்ணைகளுக்கு அனுப்பிய கேள்வித்தாளை நிரப்பி வாங்கியது. நஷ்டம் என்று எழுத யாருக்குத் தைரியம் வரும்?

நாடு அப்போது மீண்டும் பஞ்சத்தில். புது ரகம் உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்பது விஞ்ஞானம். நாலைந்து வருஷத்தில் வேண்டும் என்பது 1931-ல் வந்த அரசு உத்தரவு. வாவிலோவிடம் அந்த மந்திரம் இல்லை. லைசென்கோ இருக்கிறது என்றார். ஸ்டாலினுக்கு யாரைப் பிடிக்கும்?

1935-ல் வேளாண் அகாடமியின் தலைவர் பதவி வாவிலோவிடமிருந்து போனது. 1938-ல் அதே நாற்காலியில் லைசென்கோ. 1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாட்டைவிட்டுப் போக அனுமதி கிடைக்கவில்லை. சக விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகக் கைதாகிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, மரபணு என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில் விதை தேடிப் போயிருந்தார். சாயங்காலம் ஒரு கார் வந்தது, ஆட்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் விட்டுப்போன பைகளைச் சகாக்கள் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றில் அன்று சேகரித்த பழங்காலக் கோதுமை வகை ஒன்றின் கதிர்கள் இருந்தன.

125 கிராம் ரொட்டி

அடுத்த வருஷம் போர். 1941 செப்டம்பர் 8 முதல் லெனின்கிராடை ஜெர்மன் படை சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ரேஷன் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதுவும் கலப்படம். தண்ணீர் இல்லை, கரன்ட் இல்லை, குளிர் மைனஸ் 30-க்கும் கீழே.

செயின்ட் ஐசக் சதுக்கத்துக் கட்டடத்தில் மட்டும் டன் கணக்கில் சாப்பாடு இருந்தது. அரிசி, கோதுமை, கடலை, பட்டாணி, மக்காச்சோளம். காவலுக்கு இருந்தவர்கள் வாவிலோவின் ஆட்கள். தங்கள் தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

யாரும் தனியாக விதை அறைக்குள் போகக் கூடாது என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். எலிகள் அலமாரி ஏறின. விதைகளைத் தகர டப்பாக்களுக்கு மாற்றிக் கட்டினார்கள். காய்ந்த விதைகளைப் பொறுத்தவரை அந்தக் கொடும் குளிர் எதிரி இல்லை. விதைக்குள் தண்ணீர் இருந்தால்தான் அது உறைந்து, ஐஸ் முனைகள் செல்லைக் கிழிக்கும். நன்றாக உலர்ந்த தானியத்தில் கிழிக்க ஒன்றுமில்லை. கண்ணாடி உடைந்த ஜன்னலும் அணைந்த அடுப்பும் இருந்த அந்தக் கட்டடம், யாரும் திட்டமிடாமலேயே ஒரு குளிர்பதனக் கிடங்காகிப் போனது.

உருளைக்கிழங்குக்குக் கதை தலைகீழ். அது விதை இல்லை, கிழங்கு. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். ஒரு ராத்திரி உறைந்தால் காலையில் கூழ். ஆண்டிஸிலிருந்து வந்த வகைகளை, குண்டு விழுந்துகொண்டிருந்த பாவ்லாவ்ஸ்க் பண்ணையில் தோண்டி எடுத்து, ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் ஆப்ரஹாம் கமேராஸ். நிலவறையில் அந்தக் கிழங்குகள் உறையாமல் இருக்க, கிடைத்த விறகையும் மரச்சாமானையும் எரித்துக்கொண்டே இருந்தார்கள். தாங்கள் குளிர் காயக்கூட விறகு இல்லாத ஊரில், கிழங்குக்கு அடுப்பு மூட்டினார்கள்!

நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷூகின் தன் மேசையிலேயே இறந்துபோனார். நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் இறந்தபோது, அவருடைய பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் பிரிக்காமல் இருந்தன. ஓட்ஸ் ஆய்வாளர் லிடியா ரோடினாவும் பட்டினியில்தான் போனார். குறைந்தது ஒன்பது பேர் இப்படி. வேறு சில கணக்குகள் இன்னும் அதிகம் சொல்கின்றன. ஒரு கைப்பிடி அரிசி வேகவைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று எழுதும்போது எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல மூணு வேளை சாப்பிடும் எனக்குத் தகுதி இல்லை.

சேமிப்பில் ஒரு பகுதியை லடோகா ஏரி வழியாக முற்றுகையைத் தாண்டி அனுப்பினார்கள். ஏரி உறைந்து கிடந்ததால் லாரி அதன் மேல் ஓட முடிந்தது.

சராத்தவ்

வாவிலோவை மாஸ்கோவில் வைத்து மாதக்கணக்கில் விசாரித்தார்கள். விவசாயத்தை வேண்டுமென்றே கெடுத்தவர், உளவாளி என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும் கைதிகளை வோல்கா கரையில் இருக்கும் சராத்தவ் சிறைக்கு மாற்றினார்கள். அதே சராத்தவில்தான் 1917-ல் அவர் இளம் பேராசிரியராக இருந்தார். 1942-ல் தண்டனை இருபது வருஷச் சிறையாகக் குறைந்தது. சிறையில் உலக விவசாய வரலாற்றை எழுதினார். அது கிடைக்கவே இல்லை.

மனைவி யெலேனா பாருலினா, பருப்பு வகைகளில் ஆய்வு செய்தவர். போர் காரணமாகச் சின்ன மகனோடு அவர் தஞ்சம் புகுந்ததும் சராத்தவில்தான். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக நினைத்து, தன் சாப்பாட்டில் மிச்சம் பிடித்துப் பார்சல்களை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கணவர் இருந்தது அதே ஊர்ச் சிறையில்.

1943 ஜனவரி 26-ம் தேதி வாவிலோவ் இறந்தார். வயது 55. பட்டினியில் உடம்பு கரைந்துபோயிருந்தது. ஊர்க் கல்லறையில் பொதுக்குழியில் புதைத்தார்கள்.

தம்பி செர்கேய் 1945-ல் சோவியத் அறிவியல் அகாடமியின் தலைவரானார். நியமித்தது ஸ்டாலின் அரசு. 1948-ல் லைசென்கோ தரப்பு மரபியலையே நாட்டில் தடைசெய்ய வைத்தபோது அந்த நாற்காலியில் இருந்தது அவர்தான். எப்படி உட்கார்ந்திருந்தாரோ!

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. பத்து வருஷம் கழித்து லைசென்கோவின் ஆட்டம் முடிந்தது. லெனின்கிராட் நிறுவனத்துக்கு வாவிலோவின் பெயரை வைத்தார்கள். விதைகளில் பெரும்பகுதி பிழைத்திருந்தது.

மைனஸ் 18

விதை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஹாரிங்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பிற்பாடு ஒரு தோராயக் கணக்கு சொன்னார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவிகிதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஒரு எல்லைவரை இது சரியாக வரும். இன்றைய விதை வங்கிகள் விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைக்கின்றன. ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து 2008-ல் திறந்த கிடங்கும் அப்படித்தான். சிரியா போரில் அலெப்போ அருகே இருந்த விதை வங்கியை இழந்த விஞ்ஞானிகள், 2015-ல் அங்கே வைத்திருந்த தங்கள் நகலை எடுத்து, வேறு நாட்டில் விதைத்து, 2017-ல் புது விதையைத் திருப்பி வைத்தார்கள். எடுத்து விதைத்து அறுத்து நிரப்பும் அதே பழைய வேலைதான்.

எல்லாவற்றையும் இப்படி வைக்க முடியாது. மா, பலா, தென்னை, கோகோ போன்றவற்றின் விதை உலர்ந்தாலே செத்துவிடும். ஈரத்தோடு உறையவைத்தாலும் சாகும். அதனால் மாங்கொட்டையை ஃப்ரிட்ஜில் வைத்து ஏமாறாதீங்க.

தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை விதைகளை நிழலில் நன்றாகக் காயவைத்து, கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்கலாம். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடு ஏறும். விதைக்க எடுக்கும் அன்று பாட்டிலை உடனே திறக்காமல் சில மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் விதை மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி பற்றித்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.